விடுதி அறைக்கு ஒரு பெட்டி

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்து, உயர்கல்வி வாய்ப்புக் கடிதமும் கிடைத்துவிட்டால் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். அந்த மகிழ்ச்சி சற்று அடங்கியதும் அடுத்த கேள்வி எழும்: "விடுதிக்கு என்னென்ன கொண்டு போக வேண்டும்?" கடிதம் வந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்களே இருக்கும். அதற்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். படிவங்களை நிரப்ப வேண்டும். பொருள்களையும் வாங்க வேண்டும். இந்த அவசரத்தில் தேவையற்றவை பெட்டியில் ஏறிவிடுகின்றன. தேவையானவை வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய தவறு அன்று. வீணாகச் செலவிட்ட ஒவ்வொரு ரிங்கிட்டும் பிள்ளையின் முதல் மாத உணவுச் செலவிலிருந்து குறைந்த பணமாகும்.

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் அமைந்துள்ளது. தோட்டத்தின் பெயரிலேயே ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. இவ்வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு பயிரிடப்பட்டது. பின்னர் இரப்பரும், அதன்பின் செம்பனையும் அந்த இடத்தைப் பிடித்தன. இத்தகைய தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தமிழகத் துறைமுகங்களுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய 'இரஜூலா' கப்பலை மூத்தோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். அக்காலப் பயணிகளுள் பலரிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் மட்டுமே இருந்தன. எனவே, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற கேள்வி தோட்ட மக்களுக்குப் புதியது அன்று. இன்று அதே கேள்வி, கல்விக்காக வீட்டைவிட்டுப் புறப்படும் பேரப்பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது.

தொலைவு முடிவு செய்யும் பட்டியல்

பைராம் தோட்டத்து மாணவர் ஒருவருக்கு மூன்று இடங்களில் ஏதேனும் ஒன்றில் படிக்கும் வாய்ப்புக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். இது நிபோங் திபால் வட்டாரத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, வட செபராங் பிறையில் கெப்பாலா பத்தாசில் உள்ள பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி. மூன்றாவது, கோத்தா கினபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகம். அங்குச் செல்ல விமானமேறிக் கடல் கடக்க வேண்டும்.

முதல் இடத்தில் சேர்பவர் ஒரு போர்வையை மறந்துவிட்டால் மாலையிலேயே வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். இரண்டாம் இடத்தில் சேர்பவர் வார இறுதிவரை காத்திருக்கலாம். மூன்றாம் இடத்துக்குச் செல்பவரோ விமான நிறுவனம் அனுமதிக்கும் எடைக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தில் அதே பொருளை அங்கேயே வாங்கிவிடலாம். ஆகவே, தொலைவு மிகுந்தால் பெட்டி பெரிதாக வேண்டும் என்று எண்ணுவது தவறு. தொலைவு மிகுந்தால் பெட்டி சிறிதாக வேண்டும். கையில் இருக்கும் பணம் சற்றுக் கூட வேண்டும்.

ஒரு நாளை நினைத்துப் பட்டியல் எழுதுதல்

பலர் கடைக்குப் போன பிறகுதான் பட்டியலைப் பற்றியே நினைக்கிறார்கள். அலமாரியில் அழகாக அடுக்கியிருப்பவை எல்லாம் அப்போது தேவையானவையாகத் தோன்றும். கடையின் அலமாரியைப் பார்க்காமல் விடுதியின் ஒரு நாளை மனத்தில் ஓட்டிப் பார்த்துப் பட்டியல் எழுதுவதே சிறந்த முறையாகும்.

காலையில் எழுந்ததும் பொதுக் குளியலறைக்குச் செல்ல வேண்டும். ஆகவே துண்டு, செருப்பு, பற்பசை, பல்துலக்கி, சவர்க்காரம், இவற்றை வைத்து எடுத்துச் செல்ல ஒரு சிறிய வாளி ஆகியவை தேவை. அடுத்து வகுப்பு. முறையான உடை, மூடிய காலணி, எழுதுபொருள், மடிக்கணினி ஆகியவை வேண்டும். அறிவியல் மாணவராயின் ஆய்வுக்கூட மேலங்கியும் தேவைப்படும். நண்பகலில் உணவகத்தில் சாப்பாடு. ஒரு தண்ணீர்ப் போத்தலும், உணவைக் கட்டிக்கொண்டு வர மூடியுள்ள ஒரு பாத்திரமும் போதும். மாலையில் விளையாட்டு, அதற்கு ஓர் உடையும் காலணியும் வேண்டும். இரவில் படிப்பும் உறக்கமும். மேசை விளக்கு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, மெல்லிய போர்வை ஆகியவை தேவை. வார இறுதியில் துணி துவைக்க வேண்டும். சலவைத்தூள், துணி மாட்டிகள், கவ்விகள் ஆகியவை அதற்கு உதவும்.

இவ்வாறு காலை முதல் இரவுவரை ஒரு நாளும், அதனுடன் வார இறுதியும் எழுதப்பட்டால் பட்டியல் தானாகவே உருவாகிவிடும். ஒரு நாளில் எங்கும் இடம்பெறாத பொருளுக்குப் பெட்டியிலும் இடம் தேவையில்லை.

உடைகளின் எண்ணிக்கையையும் இதே வழியில் கணக்கிடலாம். வாரத்துக்கு ஒருமுறை துவைப்பவருக்கு ஏழு நாள் உடை வேண்டும். பினாங்கில் ஆண்டு இறுதியை ஒட்டிய மாதங்களில் அடிக்கடி மழை பெய்யும். துவைத்த துணி ஒரே நாளில் காயாது. அதனால் மேலும் இரண்டு நாளுக்கான உடை இருப்பது நல்லது. எளிதில் காயும் மெல்லிய துணி, தடித்த துணியைவிட விடுதிக்கு ஏற்றது. திருவிழாவுக்கோ நிகழ்ச்சிக்கோ அணிய ஒரு பாரம்பரிய உடை இருந்தால் போதும்.

விதிமுறையை முதலில் படித்தல்

வாய்ப்புக் கடிதத்துடன் விடுதி விதிமுறைகளும் வரும். பொருள் வாங்குவதற்கு முன்பே அவற்றைப் படிக்க வேண்டும். விடுதி அறையில் பொதுவாகக் கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவை இருக்கும். ஏற்கெனவே இருப்பதை மீண்டும் வாங்குவது வீண்செலவு. விடுதிகளில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டில்தான் போடப்பட்டிருக்கும். அதன் மெத்தை ஏறத்தாழ 3 அடி அகலமும் 6 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் கொண்டது. இந்த அளவு தெரியாமல் பெரிய விரிப்பை வாங்கி ஏமாறுபவர் உண்டு.

பெரும்பாலான விடுதிகள் அறையில் சமைக்கும் மின்கருவிகளை அனுமதிப்பதில்லை. "ஒரு மெகி வேகவைக்கக்கூட விடமாட்டார்களா?" என்று சிலர் சலித்துக்கொள்வர். அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. நாம் பயன்படுத்தும் மூன்று கால் பிளக்கின் உருகி 13 ஆம்பியர் மின்னோட்டத்துக்கானது. இரண்டையும் பெருக்கினால் 2,990 வாட் வரும். அதாவது, சுவரில் உள்ள ஓர் இணைப்பு தாங்கக்கூடிய அளவு ஏறத்தாழ 3,000 வாட். ஒரு மின்சாரக் கெண்டி ஏறத்தாழ 2,000 வாட் எடுக்கும். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், சிறிய ரைஸ் குக்கர் 500 வாட் என்று கொண்டால் மொத்தம் 3,500 வாட் ஆகிவிடும். இம்மூன்றையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகினால் கம்பி சூடேறும். மலிவான கம்பியின் உள்ளே செம்பு மெலிதாக இருக்கும். ஆகவே, உருகி அறுந்து மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு முன்னரே அதன் உறை உருகித் தீப்பற்றலாம். மெத்தையும் புத்தகமும் துணியும் நிறைந்த சிறிய அறையில் தீ வேகமாகப் பரவும். பக்கத்து அறைகளில் உறங்கும் மாணவர்களும் ஆபத்துக்கு உள்ளாவர்.

மாறாக, மேசை விசிறி, மடிக்கணினி மின்னூட்டி, திறன்பேசி மின்னூட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து பொதுவாக 200 வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை. இவற்றுக்கு ஒரு தரமான நீட்டிப்புக் கம்பி போதும். அதை வாங்கும்போது எரிசக்தி ஆணையம், சிரிம் ஆகியவற்றின் ஒப்புதல் முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ரிங்கிட்டை மிச்சப்படுத்துவதற்காக முத்திரை இல்லாத கம்பியை வாங்குவது சிக்கனம் ஆகாது.

இரண்டு சுற்றுகளாக வாங்குதல்

விடுதிக்குச் செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அறையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் வாங்கிவிடுவதுதான். அறையில் அலமாரி எவ்வளவு பெரியது, துணி காயப்போட இடம் உண்டா, கட்டிலின்கீழ் பெட்டி நுழையுமா என்பவை போய்ப் பார்த்த பிறகே தெரியும். அறைத்தோழர் ஒருவர் துடைப்பமும் குப்பைக் கூடையும் கொண்டு வந்திருக்கலாம். அதே அறைக்கு இன்னொரு துடைப்பம் எதற்கு?

ஒரு குடும்பம் இதற்காக 500 ரிங்கிட் ஒதுக்குகிறது என்று கொள்வோம். அதில் 250 ரிங்கிட்டுக்கு முதல் வாரத்தில் கட்டாயம் தேவைப்படும் பொருள்களை வாங்கலாம். 150 ரிங்கிட்டை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். அறையில் ஒரு வாரம் வாழ்ந்த பிறகு எது குறைகிறது என்பது தெளிவாகும். அப்போது அதை மட்டும் வாங்கலாம். எஞ்சிய 100 ரிங்கிட்டைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. திடீர்க் காய்ச்சலுக்கோ வீடு திரும்பும் பயணச்சீட்டுக்கோ அது உதவும்.

வாங்கும் முன் வீட்டையே ஒரு கடையாக நினைத்துச் சுற்றிவர வேண்டும். அலமாரியில் பயன்படாமல் கிடக்கும் துண்டு, அண்ணன் விட்டுச் சென்ற மேசை விளக்கு, அக்காவின் பழைய கணிப்பான் ஆகியவை புதியவற்றின் வேலையை நன்றாகவே செய்யும். அதன்பின் நிபோங் திபால், சுங்கை பாக்காப் போன்ற பக்கத்து நகரக் கடைகளையும் இரவுச் சந்தையையும் பார்க்கலாம். பத்து காவானில் 2019-இல் திறக்கப்பட்ட ஐக்கியா போன்ற பெரிய அங்காடிகளில் பொருள்கள் குவிந்திருக்கும். அங்குப் பட்டியல் இல்லாமல் நுழைவோர் பட்டியலில் இல்லாதவற்றோடு திரும்புவர். ஜார்ஜ் டவுனுக்குச் செல்பவர்கள் லிட்டில் இந்தியாவில் பாரம்பரிய உடை வாங்கலாம். சவுராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம். ஆயினும், விரிவுரையாளர் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறார் என்று தெரியும்வரை பாடநூல் வாங்கப் பொறுத்திருப்பதே நன்று.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடக் கூடாது. 1 கிலோகிராம் சலவைத்தூள் 6 ரிங்கிட், 3 கிலோகிராம் பொட்டலம் 15 ரிங்கிட் என்றால், ஒரு கிலோகிராமுக்கு 1 ரிங்கிட் மிச்சமாகிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். சிறிய அறையில் இடமும் ஒதுக்க வேண்டும். பொட்டலத்தைத் திறந்த பிறகு ஈரம் பட்டால் தூள் கட்டியாகிவிடும். தனி ஒருவருக்குச் சிறிய பொட்டலமே ஏற்றதாக இருக்கலாம்.

பெட்டியை அடுக்கும் முறை

பொருள்களை மூன்று பைகளாகப் பிரிப்பது எளிது. முதலாவது, கையைவிட்டு நீங்காத ஆவணக் கோப்பு. அடையாள அட்டை, வாய்ப்புக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைப் படிவம், நிழற்படங்கள் ஆகியவை இதில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உறுதிப்படுத்தப்பட்ட நகல்களும் தேவை. ஆவணங்களைத் திறன்பேசியிலும் படமெடுத்து வைத்தால் ஒன்று தொலைந்தாலும் கலங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, முதல் இரவுப் பை. பதிவு நாளில் வரிசை, விளக்கக் கூட்டம், அறிமுக நிகழ்ச்சி என்று பொழுது கழிந்துவிடும். களைத்து அறைக்குத் திரும்பும்போது பெரிய பெட்டியைக் கிளற மனம் வராது. படுக்கை விரிப்பு, இரவு உடை, துண்டு, பற்பசை, மின்னூட்டி, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து, அலமாரிக்கு ஒரு பூட்டு ஆகியவற்றை முதுகுப் பையில் தனியாக வைத்திருந்தால் அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம். ஈளை நோய் போன்ற நோய் உள்ளவர்கள் தங்கள் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்து, அறைத்தோழருக்கும் தெரிவிப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது, பெரிய பெட்டி. கனமானவற்றைச் சக்கரம் இருக்கும் அடிப்பக்கத்தில் வைக்க வேண்டும். துணிகளைச் சுருட்டி அடுக்கினால் எந்த உடை எங்கே இருக்கிறது என்பது தெரியும். காலணிக்குள் காலுறைகளைத் திணித்தால் இடம் மிச்சமாகும். திரவப் பொருள்களை நெகிழிப்பையில் கட்டித் தனியாக வைக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பார்ப்பது நல்ல சோதனையாகும். மின்தூக்கி இல்லாத விடுதிகளும் உண்டு. தூக்க முடியாத பெட்டியில் வேண்டாத பொருள் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

பகிர்ந்து வாழும் அறை

விடுதி அறை பொதுவாக ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வேறு இனத்தையும் சமயத்தையும் சேர்ந்த ஒருவர் அதே அறையில் தங்கலாம். எதைக் கொண்டு செல்வது என்று முடிவு செய்யும்போது அவரையும் நினைக்க வேண்டும். சாமிப் படமும் திருநீறும் அறையில் இருப்பதில் தடையிராது. ஆனால், எரியும் விளக்கும் கற்பூரமும் ஊதுபத்தியும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். அவற்றைத் தவிர்த்துவிட்டு மனத்தால் வழிபடலாம். உணவிலும் அதே கவனம் வேண்டும். முஸ்லிம் தோழர் இருக்கும் அறைக்கு ஹலால் அல்லாத உணவைக் கொண்டு செல்லாதிருப்பது நாகரிகம். அவ்வாறே, தான் சைவம் என்பதையோ மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதையோ முதல் நாளிலேயே இன்முகத்தோடு சொல்லிவிட்டால் பின்னர் மனவருத்தம் எழாது.

அம்மா சுட்ட முறுக்கும் பாட்டி போட்ட ஊறுகாயும் பெட்டியில் ஏறாமல் இரா. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் எறும்பு வராது, வாடையும் பரவாது. அந்த முறுக்கைச் சற்றுக் கூடுதலாகக் கொண்டு செல்வது நல்லது. அறைத்தோழரிடம் முதலில் நீட்டுவதற்கு அதைவிடச் சிறந்த பொருள் வேறில்லை.

பெட்டியில் அடங்காதவை

சில தேவைகளைக் கடையில் வாங்க முடியாது. துணி துவைத்தல், இஸ்திரி போடுதல், அறுந்த பொத்தானைத் தைத்தல், அறையைப் பெருக்குதல், செலவுக் கணக்கு எழுதுதல் ஆகியவை அத்தகையவை. வீட்டில் இவற்றை எல்லாம் அம்மா செய்து வந்திருந்தால், கடிதம் வந்த நாளிலிருந்தே பிள்ளை அவற்றைச் செய்து பழக வேண்டும். பதிவு நாளுக்கு முன் கிடைக்கும் சில வாரங்கள் இதற்குப் போதும். பழகாமல் செல்பவர் முதல் மாதத்தில் பாடத்தோடும் போராட வேண்டும். அழுக்குத் துணியோடும் போராட வேண்டும்.

பட்டியலை எழுதும் பொறுப்பையும் பிள்ளையிடமே விடுவது நல்லது. பெற்றோர் அனுபவத்தால் ஆலோசனை கூறலாம். பணத்தின் எல்லையை வெளிப்படையாகச் சொல்லலாம். ஆனால், "இது வேண்டும், இது வேண்டாம்" என்று முடிவு செய்யும் பழக்கம் பிள்ளைக்குத்தான் வர வேண்டும். இனி எப்போது உறங்குவது, எதற்குச் செலவிடுவது, யாரோடு பழகுவது என்பவற்றை அவர் தனியாகவே முடிவு செய்யப்போகிறார். பெட்டியை அடுக்குவது அதற்கான முதல் பயிற்சியாகும்.

அன்று தகரப் பெட்டியோடு கப்பலேறியவர்களுக்கு மறந்ததை எடுத்துவரத் திரும்பிச் செல்லும் வாய்ப்பு இல்லை. இன்று பைராம் தோட்டத்திலிருந்து கெப்பாலா பத்தாசுக்குச் செல்லும் பிள்ளை வார இறுதியில் வீடு வரலாம். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே சுமந்து செல்ல வேண்டியதில்லை. தேவையானதை எடுத்துக்கொண்டு, மற்றதை வீட்டில் விட்டுச் செல்லலாம். பெட்டியில் கொஞ்சம் வெற்றிடமும் இருக்கட்டும். முதல் விடுமுறைக்கு வரும்போது, வீட்டுக்குக் கொண்டுவரவும் ஏதேனும் இருக்கும்.